ஐந்தா, ஆறா? முதல் வகுப்பு வயதும் அதற்கு முந்தைய ஆண்டுகளும்

பள்ளிச் சேர்க்கை தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டுப் பெற்றோரிடம் ஒரே குழப்பம் எழுகிறது. முதல் வகுப்புக்கு ஆறு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு பள்ளி சொல்கிறது. ஐந்து போதும் என்று இன்னொன்று சொல்கிறது. சீக்கிரம் சேர்த்தால் குழந்தை திணறுமோ, தாமதித்தால் ஓர் ஆண்டு வீணாகுமோ என்ற கவலை இரண்டு பக்கமும் இருக்கிறது. விதிகள் ஏன் இப்படி முரண்படுகின்றன, வயது பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன, பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளில் வீடும் பால்வாடியும் குழந்தையின் வளர்ச்சியில் என்ன செய்கின்றன என்று வரிசையாகப் பார்த்தால், வயது குறித்த கேள்வி நாம் நினைப்பதைவிடச் சிறியது என்பதும், அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி பெரியது என்பதும் தெரியவரும்.

விதிகள் எங்கே மோதுகின்றன

1. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோருக்கு முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு செய்யலாம் என்று மட்டுமே அச்சட்டம் சொல்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 45-ஆவது பிரிவு. அது ஒரு வழிகாட்டும் நெறி. நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டுப் பெறக்கூடிய உரிமை அன்று.

2. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிப் படிப்பை 5+3+3+4 என்று பிரித்தது. முதல் ஐந்து ஆண்டுகள் என்பது மூன்று வயதிலிருந்து மூன்று ஆண்டு முன்பருவக் கல்வியும் அதன்பின் முதலிரண்டு வகுப்புகளும் ஆகும். அந்தக் கணக்கின்படி முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு ஆறு வயது நிரம்பியிருக்கும். கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022-23 முதல் இதற்கு மாறின. எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று தள்ளுபடியானது. எல்லா மாநிலங்களும் ஆறு வயதையே பின்பற்ற வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் மீண்டும் வலியுறுத்தியது.

3. தமிழ்நாடு மாறவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் ஐந்து வயதையே தொடர்கிறது. ஜூலை 31-க்குள் ஐந்து நிரம்பினால் போதும்.

காகிதத்தில் ஓர் ஆண்டு வித்தியாசமாகத் தெரிவது நடைமுறையில் சில குழந்தைகளுக்கு இரண்டு ஆண்டாகிவிடுகிறது. 2020 ஜூன் 10-ஆம் தேதி பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். மாநில விதிப்படி 2025 ஜூனில் அது முதல் வகுப்பில் உட்காரலாம். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-க்குள் ஆறு நிரம்பியிருக்க வேண்டும். 2026 மார்ச்சில் அதற்கு ஐந்தே முக்கால் வயதுதான் என்பதால் 2027-இல்தான் இடம் கிடைக்கும். அதே ஆண்டு அக்டோபரில் பிறந்த குழந்தைக்கோ இரு பள்ளிகளுக்கும் இடையே ஓர் ஆண்டுதான் வித்தியாசம். ஏப்ரல் முதல் ஜூலை வரை பிறந்த குழந்தைகளின் பெற்றோர்தான் அதிகம் குழம்புகிறார்கள் என்றால், அதற்கு இந்தத் தேதிக் கணக்கே காரணம்.

வயது என்ற எண்ணால் எவ்வளவு சொல்ல முடியும்

இங்கிலாந்தில் குழந்தைகள் நான்கு வயது முடிந்த அடுத்த செப்டம்பரிலேயே பள்ளிக்குள் வந்துவிடுகிறார்கள். பின்லாந்தில் ஏழு வயதில்தான் முதல் வகுப்பு. பின்லாந்தைக் காட்டி "தாமதமாகச் சேர்ப்பதே நல்லது" என்று வாதிடுவோர், அந்நாட்டில் ஆறு வயதில் ஓராண்டு முன்பருவக் கல்வி 2015 முதல் கட்டாயமாக இருப்பதையும், அதற்கு முன்பே பெரும்பாலான குழந்தைகள் பயிற்சி பெற்ற பணியாளர்கள் நடத்தும் பகல்நேரக் காப்பகங்களில் வளர்வதையும் சொல்வதில்லை.

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருத்தமானது. அங்கே பள்ளிச் சேர்க்கையை ஓர் ஆண்டு தள்ளிப்போட்ட குழந்தைகளிடம் ஏழு வயதில் கவனச்சிதறலும் இருப்புக்கொள்ளாமையும் கணிசமாகக் குறைந்திருந்தன. பதினொரு வயதிலும் அந்த நன்மை மறையவில்லை. தாமதத்துக்கு ஆதரவான வலுவான சான்றுதான் இது. ஆனால் அந்தக் குழந்தைகள் தள்ளிப்போட்ட ஆண்டை எங்கே கழித்தார்கள்? ஓடி விளையாட இடமும், பேச்சுக் கொடுக்கப் பெரியவர்களும் உள்ள நல்ல மழலையர் நிலையங்களில் கழித்தார்கள். அதே ஓர் ஆண்டை ஒரு குழந்தை பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியின் முன் கழித்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்விலிருந்து யாரும் முடிவுகட்ட முடியாது.

வகுப்புக்குள் இருக்கும் வயது வித்தியாசமும் கவனிக்க வேண்டியது. ஆகஸ்டில் பிறந்த குழந்தையும் அடுத்த ஜூலையில் பிறந்த குழந்தையும் ஒரே பெஞ்சில் உட்காருகின்றன. முப்பது வயதில் அந்தப் பதினொரு மாதம் ஒன்றுமில்லை. ஐந்து வயதில் அது வாழ்நாளின் ஐந்தில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வகுப்பிலேயே இளையவர்களாக இருந்த டிசம்பர் மாதத்துச் சிறுவர்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாகக் கவனக்குறைவுக் கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் முடிவு செய்திருந்தது 2012-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பிறந்த மாதத்தால் ஒருவருக்கு நோய் வராது. வயதுக்கேற்ற சிறுபிள்ளைத்தனத்தை வகுப்பறை கோளாறாக வாசித்துவிட்டது. நம் ஊரில் இதற்கு மருத்துவப் பெயர் வைப்பது குறைவு. "மந்தம்", "சேட்டை" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதிவிடுகிறோம். விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

சேர்க்கை வயது ஐந்தானாலும் ஆறானாலும் வகுப்பில் யாரோ ஒருவர் இளையவராக இருக்கத்தான் போகிறார். ஆகவே வயதை மாற்றுவதால் இந்தப் பிரச்சினை தீராது. இளையவரை இளையவராகப் பார்க்கத் தெரிந்த ஆசிரியரால்தான் தீரும்.

முதல் மூன்று ஆண்டுகள்: வீட்டில் நடக்கும் பாடம்

ஐந்து வயதுக்குள் மனித மூளை எடையில் வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. மூளையின் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் முதலில் தேவைக்கு அதிகமாகவே உருவாகின்றன. பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை கழிகின்றன. எவை பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது குழந்தைக்கு அன்றாடம் கிடைக்கும் அனுபவம். அதிலும் முக்கியமானது, குழந்தை ஒன்றைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் அதற்குப் பதில் கொடுப்பது. பந்தை ஒருவர் அடிக்க மற்றவர் திருப்பி அடிக்கும் விளையாட்டோடு இதை ஒப்பிட்டு விளக்குவது குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்களின் வழக்கம்.

இதை ஒரு சாதாரணக் காலை உணவு வேளையில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை சன்னல் பக்கம் கையை நீட்டி "கா" என்கிறது. "ஆமாடா, காக்கா. இட்லி கேக்குதா காக்கா? நீ ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்" என்கிறார் அம்மாச்சி. இந்தப் பத்து வினாடிக்குள் குழந்தைக்கு ஒரு சொல் திருத்தமாகக் கிடைத்துவிட்டது. தான் காட்டியதை மற்றவர் பார்த்தார் என்ற நம்பிக்கை கிடைத்துவிட்டது. ஒன்று, இன்னொன்று என்ற எண்ணுணர்வும் முளைவிட்டது. அதே வேளையில் கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் குழந்தை கையை நீட்டாது. வாயைத் திறக்கும், சோறு உள்ளே போகும், தட்டு சீக்கிரம் காலியாகும். பாட்டில் சொற்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் குழந்தை சொன்னதற்கு அது பதில் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்சக் கூடாது என்று சொல்வதற்கு முதன்மையான காரணம், திரையால் கண் கெடும் என்பதன்று. உட்கார்ந்தே கழியும் அந்த நேரம் ஓட்டத்தையும் உறக்கத்தையும் பேச்சையும் தின்றுவிடுகிறது என்பதே.

இதற்கான மிக உறுதியான சான்று ஜமைக்காவிலிருந்து வந்தது. 1986-87-இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரிகரின் குழு தேர்ந்தெடுத்தது. குழந்தைகளுக்கு அப்போது 9 முதல் 24 மாத வயது. அவர்கள் நான்கு பிரிவாக்கப்பட்டார்கள்: ஒரு பிரிவுக்குச் சத்துணவு, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, வீட்டில் கிடைக்கும் பொருட்களால் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தல், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. இது இரண்டு ஆண்டு நடந்தது. இருபது ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி கிடைத்த பிரிவினர் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஊட்டக்குறைவே இல்லாமல் வளர்ந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் வருமானத்தை எட்டிப்பிடித்திருந்தார்கள். சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அத்தகைய நீண்டகாலப் பலன் தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, உணவு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அகில இந்திய அளவைவிட நாம் மேல் என்பது உண்மை. ஆனால் இரும்புச்சத்து இல்லாத குழந்தை சோர்ந்துபோகும், சோர்ந்த குழந்தை கையை நீட்டி "கா" என்று காட்டாது, காட்டாத குழந்தையிடம் பெரியவரும் பேச்சுக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்வார். உணவும் பேச்சும் தனித்தனிக் கணக்குகளாகத் துறைகளின் கோப்புகளில் இருக்கலாம்; குழந்தையின் உடம்பில் அவை ஒரே கணக்கு.

உருமேனியாவின் அனாதை விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளை வைத்து 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே உணவும் கூரையும் இருந்தன. அழுதால் வந்து தூக்க ஆள் இல்லை. பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டபோது, இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாக மீண்டார்கள்.

மூன்று முதல் ஐந்து: பால்வாடியில் கூடுதலாக ஓர் ஆள்

1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஒரு மையத்துக்கு வழக்கமாக ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் சமையலையும் துப்புரவையும் பார்க்கிறார். பணியாளரோ எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், அதைச் செயலியில் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், தடுப்பூசி நாளுக்குக் குழந்தைகளைத் திரட்ட வேண்டும், அவ்வப்போது வேறு துறைகள் ஒப்படைக்கும் கணக்கெடுப்புகளுக்கும் போக வேண்டும். இவற்றுக்கு நடுவில் மிஞ்சும் நேரம்தான் முன்பருவக் கல்வி. "பால்வாடியில் சோறு போடுவார்கள், தூங்க வைப்பார்கள்" என்று ஊரில் சொல்வதில் இளக்காரம் இருக்கிறது. ஆனால் அந்த அம்மையாரின் வேலைப் பட்டியலைப் பார்த்தால், குறை அவரிடம் இல்லை என்பது விளங்கும்.

அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு அரசோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 320 மையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தார்கள். புதிய கட்டடமோ புதிய பாடத்திட்டமோ கிடையாது. மாறியது ஓர் ஆள் மட்டுமே.

என்ன நடந்தது என்பதை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது.

2. பதினெட்டு மாதம் கழித்து, மையத்தில் தொடர்ந்து படித்த குழந்தைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29 திட்ட விலக்கமும் மொழியில் 0.46 திட்ட விலக்கமும் கூடியிருந்தன. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு. மொழியில் வந்த முன்னேற்றத்தை எளிதாகச் சொன்னால், நூறு பேரில் ஐம்பதாவது இடத்தில் நின்ற குழந்தை ஏறக்குறைய முப்பத்திரண்டாவது இடத்துக்கு முன்னேறுவதற்குச் சமம்.

3. எதிர்பாராத பலன் இதுதான்: வயதுக்கேற்ற உயரமின்மையும் கடுமையான ஊட்டக்குறைவும் அந்த மையங்களில் குறைந்தன. பாடம் நடத்தும் பொறுப்பு பகிரப்பட்டதால் பழைய பணியாளருக்கு விடுபட்ட நேரம் பதிவேடுகளுக்கும் ஊட்டச்சத்து, சுகாதாரப் பணிகளுக்கும் போனது.

என் பார்வையில், மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான ஆண்டுகள் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் எந்த விவாதமும் இந்த முடிவிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டபோது ஊடகங்களில் பேசப்பட்டதெல்லாம் ஆங்கிலவழிக் கல்வியும் இடைநிலை ஆசிரியர்களின் பணிமாற்றமும்தான். ஒரு குழந்தையோடு ஒரு நாளில் ஒரு பெரியவர் எத்தனை நிமிடம் பேசப்போகிறார் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

தனியார் நர்சரிகளில் வேறு சிக்கல். அங்கே ஆள் இருக்கிறார், நேரமும் இருக்கிறது. அது எழுத்து வேலைக்குப் போகிறது. மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டிலுள்ள எட்டு எலும்புகளில் பெரும்பாலானவை அப்போது குருத்தெலும்பு நிலையிலேயே இருக்கும்; நான்கு கோடு நோட்டில் பென்சிலைச் சீராக ஓட்டும் பிடிப்பு அந்தக் கைக்கு வந்திருக்காது. கையைப் பிடித்து ஒரு பக்கம் முழுவதும் எழுதவைத்து வீட்டுக்கு அனுப்பும் நோட்டு, பெற்றோருக்கு "படிக்கிறான்" என்ற நிறைவைத் தருகிறது. புளியங்கொட்டையை எடுத்துப் போடுவது, மாவு பிசைவது, மணலில் விரலால் வரைவது ஆகியவை அந்தக் கைக்குத் தரும் பயிற்சி நோட்டில் தெரிவதில்லை என்பதால் கட்டணம் வாங்கும் பள்ளிக்கு அவற்றைக் காட்டத் தயக்கம்.

பள்ளி மூடியபோது தெரிந்தது

கொரோனாக் காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தது, யாரும் திட்டமிட்டு நடத்த முடியாத ஒரு சோதனை. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்த ஆய்வு, கணக்கில் பேரிழப்பும் மொழியில் அதில் ஏறத்தாழப் பாதி அளவு இழப்பும் ஏற்பட்டிருந்ததைக் கண்டது. இந்த வேறுபாடு காரணத்தோடு கூடியது. மொழி வீட்டிலும் தெருவிலும் புழங்குகிறது. கழித்தல் கணக்கு அப்படிப் புழங்குவதில்லை. பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அந்த மீட்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களின் மாலை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வீடு எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

ஆகவே, ஐந்தா ஆறா?

1. குழந்தை மாநிலப் பாடத்திட்டப் பள்ளியிலேயே தொடரப்போகிறது என்றால் ஐந்து வயதில் சேர்ப்பதால் அதற்குக் கேடு என்று சொல்ல ஆதாரம் இல்லை. மே, ஜூன், ஜூலையில் பிறந்த குழந்தை வகுப்பில் இளையதாக இருக்கும் என்பதை மட்டும் ஆசிரியரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2. பேச்சில் தயக்கம், கழிப்பறைப் பழக்கம் இன்னும் வராமை, பிரிந்திருக்க முடியாத அழுகை போன்றவை இருந்தால் ஓர் ஆண்டு பொறுக்கலாம். அந்த ஓர் ஆண்டில் குழந்தை யாரோடு இருக்கப்போகிறது என்ற கேள்விக்கு விடை இருந்தால் மட்டுமே இது பொருந்தும். நான்கு வயதிலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத, சேர்ந்தாற்போல் பேசாத குழந்தைக்குத் தேவை தாமதம் அன்று. அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பரிசோதனை.

3. மத்திய அரசுப் பணியில் ஊர் மாறும் குடும்பங்கள் கேந்திரிய வித்யாலயாவின் தேதிக் கணக்கை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் முதல் வகுப்பு முடித்த குழந்தை மீண்டும் முதல் வகுப்பில் உட்கார நேரும்.

பெற்றோரின் கையில் இல்லாத பகுதி இதற்கு மேல்தான் இருக்கிறது. குழந்தையோடு பேசுங்கள், விளையாடுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. திருப்பூரில் காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் தம்பதிக்கு, சொந்த ஊரில் மாமியாரை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, அந்தப் பேச்சுக்கான நேரம் எங்கே இருக்கிறது? அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடும். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் பத்துப் பேர், இருபது பேர் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் யூனிட்டுகள் அந்த வரம்புக்குள் வருவதே இல்லை. முதல் வகுப்பு வயதை ஐந்திலிருந்து ஆறாக்கினால், இந்தக் குழந்தைகளுக்கு யாரும் இல்லாத ஆண்டு இன்னொன்று கூடும். அல்லது அந்த ஆண்டுக்கும் சேர்த்து நர்சரிக் கட்டணம் கட்ட வேண்டிவரும். ஆறு வயது என்ற மாற்றத்தைக் கோருகிறவர்கள், மாலை எட்டு மணி வரை திறந்திருக்கும் அங்கன்வாடியையும் அதில் இரண்டாவது பணியாளரையும் சேர்த்தே கோர வேண்டியிருக்கிறது. ஐந்து வயதே போதும் என்கிறவர்களுக்கும் அதே இரண்டும் தேவைப்படுகின்றன.